காஷ்மீருக்குப் போன தீப்பெட்டி லோடு

எங்கள் ஊரில் ஒரு லாரியைத் தயார் பண்ணுவது என்றால் வெயிலுக்குத் தயார் பண்ணுவது என்றுதான் அர்த்தம். ரேடியேட்டர் கொதிக்கக் கூடாது, டயர் சூட்டில் வெடிக்கக் கூடாது, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் தொடை வேகக் கூடாது. விருதுநகரிலும் குளிர்காலம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். மார்கழியில் விடியற்காலை வாசல் தெளிக்கும்போது குடத்துத் தண்ணீர் கையில் பட்டால் லேசாகச் சிலிர்க்கும். காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்தக் குளிர்காலம் முடிந்துவிடும். அதற்காக வண்டிக்கு யாராவது ஏதாவது செய்வார்களா?

என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டினார். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டிக் கம்பெனிகளில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர், டெல்லி என்று போய் வருவார். வீட்டுக்கு வீடு செல்போன் வரத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. ஒரு கார்த்திகைக் கடைசியில் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"ஸ்ரீநகருக்கு ஒரு லோடு வந்துருக்கு. தீப்பெட்டி பண்டலு. பொங்கலுக்கு முன்ன போய்ச் சேரணுமாம்."

"ஸ்ரீநகருன்னா?"

"காஷ்மீரு. அங்கன இப்ப பனி கொட்டுமாம். காலைல வண்டி ஸ்டார்ட்டே ஆகாதாம். டீசலு உறைஞ்சு போயிருமாம், நெய்யி மாதிரி."

டீசல் உறையும் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேள்விப்பட்டேன். கதை கேட்கிற ஆசையில், "அப்ப என்ன பண்ணுவாக?" என்றேன்.

"டேங்குக்கு அடியில தீய மூட்டுவாக. டெல்லி ஸ்டாண்டுல ஒரு சர்தார்ஜி சொன்னாரு. ரெண்டு வெறகு, ஒரு எண்ணெத் துணி. கொஞ்ச நேரத்துல டீசல் எளகிரும், அம்புட்டுத்தான்."

"தீப்பெட்டி லோடுக்கு அடியிலயா?"

"லோடு மேலதான இருக்கு. டேங்கு கீழதான இருக்கு."

ரசக் கரண்டியை அவர் தலையில் போடாமல் பாத்திரத்தில் போட்டேனே, அதற்கு அவர் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் கல்யாணம் ஆகும் வரை தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்து, பிறகு கம்பெனிக்குப் போனவர்கள். என் சித்தி மகள் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது துணைக்கு இருந்தவள் நான். வாழை இலையில் அவளைப் புரட்டிப் புரட்டிப் போட்ட கை இது. தீப்பெட்டி லோடுக்கு அடியில் விறகு வைத்துக் கொளுத்துகிற ஒருவரோடு எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தீ வைக்காம ஸ்டார்ட் ஆகுற மாதிரி வண்டி இருந்தா போங்க. இல்லன்னா வேற எவனாவது போகட்டும். நீங்க எரிஞ்சு வந்து நிக்கிறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவருக்கு மறுக்கவும் முடியவில்லை, விடவும் மனசில்லை. லோடு கொடுக்கிற முதலாளி வருடம் முழுக்க எங்களைத்தான் கூப்பிடுவார். ஒருமுறை மாட்டேன் என்றால் அடுத்த முறை வேறு வண்டி வாசலில் நிற்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மனிதருக்குப் பனி பார்க்க ஆசை. சின்னப் பிள்ளைக்குப் பொருட்காட்சி மாதிரி. கடைசியில் கை கழுவிக்கொண்டே, "சரி, தீய வண்டிப் பக்கமே விடல. போதுமா?" என்றார். போதாது, வண்டியைத் தயார் பண்ணிக் காட்டுங்கள் என்றேன்.

என் அண்ணன் மெக்கானிக். மதுரை ரோட்டில் அவருக்கு ஒரு பட்டறை. இரண்டு பேரும் போய் விஷயத்தைச் சொன்னதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "குளுருக்கா? ஏ புள்ள, இந்த வண்டிய வெயில்ல வேகாமக் காப்பாத்தவே எனக்கு ஆயுசு பத்தல." சிரித்துக்கொண்டே பானட்டுக்குள் தலையை விட்டவர் கொஞ்ச நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது சிரிப்பு இல்லை.

"மாப்ளே, ஒரு தப்பு நடந்து போச்சு."

லாரி செய்கிற கம்பெனிக்காரர்கள் இன்ஜினுக்குள் பித்தளையில் ஒரு சின்ன வால்வு வைத்து அனுப்புகிறார்கள். தெர்மோஸ்டாட் என்று பெயர். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போக விடாமல் அது மறித்துக்கொள்ளும். சூடான பிறகு வழி விடும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள், புது வண்டி வந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுவார்கள். இங்கே அடிக்கிற வெயிலுக்கு இன்ஜினை எவன் சூடாக்கப் பாடுபடுகிறான்? தண்ணீர் தாராளமாக ஓடட்டும் என்று கணக்கு. எங்கள் வண்டி வந்த வாரமே அண்ணனும் அதைக் கழற்றிவிட்டுத்தான் தேங்காய் உடைத்திருக்கிறார். இந்த இன்ஜினைக் கொண்டுபோய்ப் பனியில் விட்டால் அது நாள் முழுக்க ஓடினாலும் சூடாகாது. ஊரே சேர்ந்து செய்கிற தப்பு. இத்தனை வருடம் ஊருக்குள் அது தப்பாகத் தெரியவில்லை.

நல்லவேளையாக, கழற்றியதையெல்லாம் அவர் எறியவில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறையப் போட்டு வைத்திருந்தார். அதில் எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வென்னீரில் போட வேண்டும். பட்டறைத் தரை பூராவும் டீசல், அங்கே அடுப்புப் பற்றவைக்க முடியாது. டின்னோடு என் சமையல்கட்டுக்கு வந்துவிட்டார்.

"பால் சட்டிய எடுக்காதீக அண்ணே" என்று முட்டை அவிக்கிற பாத்திரத்தைக் கொடுத்தேன். வால்வுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொன்றாக நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். முதலாவது செத்த பிணம். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்று பேரும் அடுப்பைச் சுற்றிக் குனிந்துகொண்டு நிற்கிறோம், எனக்கோ இன்னும் சோறு வடிக்கவில்லை என்ற எரிச்சல். வேறு ஒன்றைத் தொங்கவிட்டார். தண்ணீரில் ஆவி கிளம்பியது. திடீரென்று அந்தப் பித்தளை மூடி நகர ஆரம்பித்தது.

யாரும் தொடவில்லை. கரண்டு இல்லை, வயர் இல்லை. தானாக, மெதுவாக, வாய் திறந்தது. தண்ணீர் இன்னும் சூடாக ஆக, இன்னும் திறந்தது. நூலைத் தூக்கிப் பச்சைத் தண்ணீரில் முக்கினால் மூடிக்கொண்டது. மறுபடி வென்னீரில் போட்டால் திறந்தது. இப்படி ஒரு சாமான் இத்தனை நாளும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் துருவோடு துருவாகக் கிடந்திருக்கிறது.

"உசுரு இருக்கு பாருலே இதுக்கு" என்று அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "எத்தனையோ வண்டியில கழட்டிருக்கேன். வேலை செஞ்சு பாத்தது இன்னைக்குத்தான்."

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"மெழுகு. சூடு பட்டா வீங்கி மூடியத் தள்ளும். ஆறுனா சுருங்கும். டீசல்ல உறையுறதும் மெழுகுதான்."

மெழுகை எனக்குத் தெரியாதா? தீக்குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன்னால் மெழுகில்தான் முக்குவோம். வருடக்கணக்காக அந்த வாடையிலேயே நின்றவள் நான். ஒரே மெழுகு குச்சியில் இருந்தால் எரிகிறது, வால்வில் இருந்தால் வழி திறக்கிறது, டீசலில் இருந்தால் வழி அடைக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் நான் அந்த வால்வை வென்னீரில் போட்டு எடுத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் ஓட்டலில்தான் சாப்பிட்டோம்.

அந்த வால்வு இன்ஜினுக்குள் போனது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. டீசல் உறைவது என்றால் என்ன, எப்படி இருக்கும், எதைச் செய்தால் உறையாது? பார்த்தால்தானே தெரியும்? விருதுநகரில் குளிரை எங்கே போய்ப் பார்ப்பது என்று இரண்டு ஆம்பிளைகளும் விழித்தார்கள்.

"ஐஸ் கம்பெனியில பாப்போம்" என்றேன்.

அண்ணன்தான் அந்த ஐஸ் கம்பெனி ஜெனரேட்டருக்கு மெக்கானிக். மார்கழி நெருங்கிவிட்டதால் அங்கே வியாபாரம் படுத்திருந்தது. ஊரிலேயே சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்ட ஒரே மனிதர் அதன் முதலாளிதான். "வாங்க தங்கச்சி, ஐஸு வாங்க ஆளே இல்ல, நீங்களாச்சும் வந்தீகளே" என்று வரவேற்றார். தரையோடு தரையாக ஒரு பெரிய தொட்டி, மேலே மரப்பலகை மூடி. பலகையைத் தூக்கினால் உள்ளே கறுப்பாக உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீர் உறையாது. அதற்குள் இறக்கி வைத்த தகர டப்பாக்களில் இருக்கிற நல்ல தண்ணீர் பாறையாகிவிடும். மூக்கைத் துளைக்கிற ஒரு வாடை வேறு.

மூன்று பாட்டில்களைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். ஒன்றில் எங்கள் வண்டி டேங்கிலிருந்து பிடித்த டீசல். ஒன்றில் ரேடியேட்டருக்கு நாங்கள் எப்போதும் ஊற்றுகிற குழாய்த் தண்ணீர், வாய் வரை. மூன்றாவதில் கூலண்ட் கலந்த தண்ணீர். மதுரையிலிருந்து அண்ணன் வாங்கி வந்த அந்தக் கூலண்ட் பச்சைப் பசேல் என்று சர்பத் மாதிரி இருந்தது. உறையாது என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். கடைக்காரன் சொன்னதை நம்பி நான் வீட்டுக்காரரைக் காஷ்மீருக்கு அனுப்புவேனா?

டீ குடித்தோம். முதலாளி தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். மறுபடி டீ குடித்தோம். அண்ணன் கயிற்றை இழுத்தார்.

டீசல் பாட்டிலைச் சாய்த்தார். உள்ளே இருந்தது சாயவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அப்போதும் இறங்கவில்லை. வெள்ளையாக, கட்டியாக, நெய்யேதான். பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் இது குழாயில் எப்படி வரும்? என் வீட்டுக்காரர் பாட்டிலை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை வருடம் டீசலோடு குடித்தனம் பண்ணியவர், அறிமுகம் இல்லாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கியபோது அது இரண்டாகப் பிளந்திருந்தது. கண்ணாடி விலகி நிற்க, நடுவில் பாட்டில் வடிவத்தில் ஐஸ்.

"இன்ஜினுக்குள்ள இருக்க தண்ணி இப்படி ஆச்சுன்னா?" என்று கேட்டேன்.

"இரும்பு பொளந்துரும்" என்றார் அண்ணன். "இன்ஜின் பிளாக்கு போச்சுன்னா வண்டியே போச்சு."

எங்கள் சீமையில் பிறந்தவர்களுக்கு வெடிப்பது என்றால் தீதான். பட்டாசுக் கருந்திரி, மருந்து, உராய்வு என்று பயந்து பயந்து வளர்ந்தவர்கள். தண்ணீர் வெடிக்கும், அதுவும் சத்தம் போடாமல் இருட்டுத் தொட்டிக்குள் இருந்துகொண்டு வெடிக்கும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அப்புறம் மூன்றாவது பாட்டிலை அண்ணன் குலுக்கினார். பச்சைத் தண்ணீர் கலகலவென்று ஆடியது. அதைக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து இன்னொரு தடவை இறக்கிப் பார்த்தோம். இந்தத் தடவை அது கலங்கியது, ஆனால் ஓடியது. எவ்வளவு கலக்கலாம் என்று நானும் அண்ணனும் வாதாடிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "இம்புட்டுப் பாடும் எதுக்கு? நம்ம ஊரு டீசலு நாக்பூரே தாண்டாது. அங்கன போயி அங்க உள்ளதத்தான போடப் போறேன்."

ஐஸ் கம்பெனி முதலாளி சிரித்த சிரிப்பில் ஸ்வெட்டர் பொத்தான் தெறிக்காததுதான் மிச்சம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தெரியுதுல்ல, முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றேன். "நீ கேக்கவே இல்லியே" என்றார். ஆனால் அவருக்குள் ஏதோ மாறியிருந்தது. அதன் பிறகு வண்டி வேலையில் அவரே முன்னால் நின்றார். டேங்கைக் கழற்றி அடியில் கிடந்த கசடையும் தண்ணீரையும் வழித்தார். ஃபில்டர் புதிது, பேட்டரி புதிது, பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கு. பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்க டயரில் சுற்றுகிற சங்கிலியை ஜம்முவில் வாங்கிக்கொள்வது, அங்கே போடுகிற டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்துகொள்வது என்று முடிவாயிற்று. ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர். அதன் முகத்தில் குளிர்காற்று அடிக்காமல் இருக்கச் சாக்கும் ரெக்ஸினும் வைத்து நான் ஒரு மூடி தைத்தேன். நடுவில் ஒரு ஜன்னல், வேண்டும்போது திறந்துகொள்ள.

லோடு ஏற்றிய வண்டிக்கு எங்கள் பக்கம் சூடம் காட்ட மாட்டோம். வெறும் வண்டியாக இருக்கும்போதே காட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் கம்பெனிக்குள் விடுவோம். பண்டல் ஏறிவிட்டால் வண்டிக்குள் ஒரு தீப்பெட்டி கூடாது, டிரைவர் பையில் பீடி கூடாது. இந்தத் தடவை சூடம் காட்டும்போது, "தீயே, இத்தோட நீ இந்த வண்டிப் பக்கம் வரப்படாது" என்று மனதுக்குள் தெளிவாகவே சொன்னேன். அவருக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா. கூட மாற்றி ஓட்ட இன்னொரு டிரைவர். கிளம்பிப் போனார்கள்.

ஆக்ராவிலிருந்து பேசினார், டெல்லியிலிருந்து பேசினார். ஜம்முவிலிருந்து, "நாளைக்கு மலை ஏறுறோம், இனிமே நம்ம செல்லு வேலை செய்யாதாம்" என்றார். அதோடு சரி. அடுத்த நாள் இல்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. மலைப்பாதையைப் பனி மூடிவிட்டது, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன என்று டிவியில் காட்டினார்கள். காட்டியது வெள்ளை வெளேர் என்று ஏதோ ஒன்று. அதில் நடுநடுவே கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் லாரிகளாம். அதில் எங்கள் லாரியைத் தேடினேன். டிவி பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று தேடினேன். எந்த லாரிக்கு அடியிலாவது புகை தெரிகிறதா என்றும் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் வீட்டுப் போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல், அதற்குள் அவர் குரல்.

"பேசுறது கேக்குதா? மலைய எறங்கி ஸ்ரீநகரு வந்துட்டோம். பூத்துல இருந்து பேசுறேன்."

"வண்டி?"

"நாலு நாளா ரோட்டுலயே நின்னுச்சு. நாலாம் நாளு காலைல எல்லா வண்டியும் கல்லு மாதிரி கெடக்கு. நம்ம வண்டி ஒரே செல்ஃபுல புடிச்சிருச்சு. ஒரே செல்ஃபு. மச்சான்ட்ட சொல்லு."

அவர் நிறுத்தவே இல்லை. அத்தனை நாள் பேச ஆள் கிடைக்காமல் தவித்திருப்பார் போல.

"அடியே, நீ பாக்கணும். தூத்துக்குடி உப்பளத்தத் தூக்கி மலை மேல வச்சாப்ல இருக்கு. எந்தப் பக்கம் திரும்புனாலும் வெள்ளை. சத்தமே இல்ல. அம்புட்டுப் பெரிய மலை, ஒரு சத்தம் இல்ல. வானத்துல இருந்து விழுகுது, விழுகுற சத்தம் கேக்கல. நான் வாயப் பொளந்துக்கிட்டு நின்னேன். மனுசன் பொறந்தா ஒரு தடவையாச்சும் பாக்கணும்."

"தீ?"

"எல்லா வண்டிக்கும் அடியில எரியுது. முன்னாலயும் பின்னாலயும், கண்ணுக்கு எட்டுன மட்டும், கார்த்திகைக்கு வெளக்கு வச்ச மாதிரி. நம்ம வண்டி அடியில மட்டுந்தான் தீ இல்ல."

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அண்ணன் பட்டறையில் இருந்த எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்துத் துடைத்து அலமாரியில் மேல்தட்டில் வைத்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில்.

பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தார். லாரி வாசலில் நின்ற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். கதவைத் திறந்து இறங்கினார். இறங்கிய விதம் சரியில்லை. குதிகாலை ஊன்றி, வாத்து மாதிரி நடந்து வந்தார். கால்களில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. லேசா ஒரு புண்ணு."

உட்கார வைத்துத் துணியைப் பிரித்தேன். விரல்களில் தோல் கொப்புளித்து உடைந்து, சுருண்டு, நுனியெல்லாம் கருகிப் போயிருந்தது. சித்தி மகள் உடம்பில் நான் பார்த்த அதே கொப்புளம், அதே கரி. எனக்குத் தெரியாத சமாச்சாரமா அது? எங்கள் பக்கத்தில் பிறந்த எவளை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள், இது தீ.

"எங்க வச்சீக தீய?"

"தீயா? நான் வைக்கலடி."

"பொய் சொல்லாதீக. டேங்குக்கு அடியில மூட்டப் போயி கால்ல பட்டிருக்கு. போன்ல என்னென்ன கதை அளந்தீக. ஒரே செல்ஃபாம், வெளக்கு வச்ச மாதிரியாம்."

"சாமி சத்தியமாத் தீ வைக்கல. தானா வந்துச்சு."

"தானா வெந்துச்சா?"

அதற்கப்புறம் நான் மட்டும்தான் பேசினேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி பேசினேன். அந்த லோடு பற்றியிருந்தால் எலும்பு கூடக் கிடைத்திருக்காது என்ற நினைப்பு வர வர, குரல் கூடிக்கொண்டே போயிற்று. பேசி முடித்துவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

எங்கள் பக்கத்து டாக்டர்களுக்குத் தீக்காயம் பார்ப்பது தலைவலி பார்ப்பது மாதிரி. அந்த டாக்டரும் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்தப் பட்டாசுக் கம்பெனி?" என்றுதான் முதலில் கேட்டார்.

"கம்பெனி இல்ல சார். லாரி. காஷ்மீரு போயிட்டு வந்தேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு விளக்கைத் திருப்பினார். விரல் விரலாகப் பார்த்தார். பிறகு பக்கத்து அறையில் இருந்த இன்னொரு டாக்டரையும் நர்ஸ்களையும் கூப்பிட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"இது நெருப்பு இல்லம்மா. குளிர். குளிர்ல ரத்தம் ஓடாம விரல் செத்துப்போறது. படிக்கிறப்போ புஸ்தகத்துல பாத்தது. இந்த ஊர்ல இதப் பாப்பேன்னு நெனைக்கவே இல்ல."

குளிர் சுடும் என்று அந்த ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. தீ செய்கிற வேலையை அச்சு அசலாக, அதே கொப்புளம், அதே கரியோடு, ஒரு பொறி கூட இல்லாமல் அது செய்துவிட்டுப் போயிருக்கிறது. நர்ஸ் ஒருத்தி, "பனியா இப்படிப் பண்ணும்?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் பனியில நின்னீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"விடிஞ்சதுல இருந்து மத்தியானம் வரைக்கும் சார்."

"வண்டிதான் ஒரே செல்ஃபுல புடிச்சிருச்சே?" என்றேன் நான். "பெறகு எதுக்கு நின்னீக?"

அவர் என்னைப் பார்க்காமல் டாக்டரிடமே சொன்னார்.

"நம்ம வண்டி புடிச்சிருச்சு சார். முன்னால நின்ன வண்டி புடிக்கலியே. ஒத்தை ரோடு, ஒதுங்கவும் எடம் இல்ல. முன் வண்டிக்காரன் டேங்குக்கு அடியில கொளுத்துறான், பின் வண்டிக்காரன் கொளுத்துறான். காத்து வேற. பொறி பறக்குது. ஒரு ஆளு பாவம், நமக்கும் ஒத்தாசை பண்றேன்னு எரியுற துணியக் கம்புல சுத்திக்கிட்டு நம்ம டேங்குக்கே வந்துட்டான். அவன் பாஷை எனக்குத் தெரியல, என் பாஷை அவனுக்குத் தெரியல. கையெடுத்துக் கும்புட்டு நிப்பாட்டுனேன். அதுக்குப் பெறகு வண்டிய விட்டு நகரல. கூட வந்த டிரைவரு ஸ்டீரிங்கப் புடிச்சிட்டு இருந்தாரு. நான் ஒரு மம்பட்டிய வச்சுக்கிட்டு, பொறி விழுகுற எடமெல்லாம் பனிய அள்ளிப் போட்டுக்கிட்டே சுத்திச் சுத்தி வந்தேன். வரிசை நகர்ற வரைக்கும்."

"கால்ல என்ன போட்டிருந்தீங்க?"

"செருப்பு சார். ரப்பர் செருப்பு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். இன்ஜினுக்குக் குளிரும், டீசலுக்குக் குளிரும், பேட்டரிக்குக் குளிரும் என்று யோசித்தவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் லாரி டிரைவர் செருப்புப் போடுவதே பெரிய விஷயம். காலுக்குக் குளிரும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மருந்து வைத்துக் கட்டுவதற்காக நர்ஸ் சாமான் எடுக்கப் போனாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். ஒரு விரலைத் தொட்டேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

கொஞ்சம் அழுத்தினேன். "இப்ப?"

"இல்லடி. அந்த ரெண்டு வெரலுக்கும் ஒண்ணும் தெரியல." விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொய் சொல்றேன்னியே, அதுதான் வலிச்சுச்சு."

தரையில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கால்களையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். அழுகையோடு அழுகையாக, தீப்பட்ட உடம்புக்கு எங்கள் வீட்டில் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். குனிந்து, வாயைக் குவித்து, மெல்ல ஊதினேன்.

அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"ஊதாதடி" என்றார். "குளுருது."